கரையிலிருந்து படகுக்கு ஒரு குரல்

(வானொலியில் ஒலிபரப்பான சிந்தனை)



ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் செய்தியில் ஓர் அறிவிப்பைத் தவறாமல் கேட்போம். பாம்பன் துறைமுகத்தில் 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருக்கிறது என்பார்கள். சிறுவனாக இருந்தபோது, அந்தக் கூண்டுக்காகவே பாம்பன் என்று ஓர் ஊர் இருக்கிறது என நினைத்துக்கொண்டிருந்தேன்! பகலில் கூண்டு, இரவில் விளக்கு. 1 முதல் 11 வரை எண்கள். துறைமுகத்தில் நிற்பவர் கண்ணுக்கு அது தெரியும். காலையிலேயே வலையோடு கடலுக்குள் போய்விட்டவருக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கேள்வி அந்தத் தீவுக்குப் புதிதல்ல. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பயணிகள் ரயிலைப் புயல் அலை அடித்துப் போனது. 100-க்கும் அதிகமானவர்கள் அந்த ஒரு ரயிலில் மட்டும் இறந்தார்கள். தனுஷ்கோடி மறுபடி ஊராகவில்லை. இன்றும் அங்கே கூரையில்லாத கோவில் சுவர் நிற்கிறது. பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள்.

அந்தப் பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15-ஆம் நாள் ஒரு சிறிய பண்பலை வானொலி தொடங்கியது. பெயர் 'கடல் ஓசை', அலைவரிசை 90.4. மீனவச் சமூகத்திலிருந்து வந்த ஒருவரின் முயற்சி அது. மீனவர்களுக்காக, மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளும் மைக்கின் முன் அமர்ந்து நடத்தும் நிலையம். காற்று எப்படி, அலை எப்படி என்பதிலிருந்து, உயிர்காப்பு உடை, சிறு மீன்களைப் பிடிக்காமல் விடுவது, மாறிவரும் பருவநிலை, பெண்களின் பாடு, பாட்டு என்று எல்லாம் வரும்.

இதில் என்ன பெரிய விஷயம், கைப்பேசியில் எல்லாம் வருகிறதே என்று கேட்பீர்கள். என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். குருவான புதிதில் ஒரு கடற்கரைப் பங்கில் இருந்தேன். புயல் எச்சரிக்கை வந்தால் கோவில் ஒலிபெருக்கியில் படிப்பது என் வேலை. ஒருநாள் வந்த தாளை அப்படியே கணீரென்று படித்தேன்: குறைந்த காற்றழுத்தத் தாழ்வு, மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகம், தரைக்காற்று. படித்து முடித்து வெளியே வந்தால், வயதான ஒருவர் படியில் நிற்கிறார். "சாமி, எல்லாம் சொன்னீங்க. வாடையா, கொண்டலா, கச்சானா, அதச் சொல்லலியே?" என்றார். தெரியாது என்றேன். அவர் சிரிக்கவில்லை. அன்று போகலாமா வேண்டாமா என்பது அவருக்கு அந்த ஒரு சொல்லில் இருந்தது. இறையியல் படித்த எனக்கு அந்தச் சொல் தெரியவில்லை. தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நான் நினைத்தேன், சேரவில்லை. அந்த ஊர்ப் பிள்ளை மைக்கில் பேசினால் இந்தச் சிக்கல் வந்திருக்காது.

ஆனால் ஊர்ப் பிள்ளை மைக்கில் பேசுவதற்கு நம் நாட்டில் வெகுகாலம் வழியே இல்லை. ஒலிபரப்பு அரசின் கையில் இருந்தது. ஒரு கிரிக்கெட் போட்டியை யார் ஒளிபரப்புவது என்று தொடங்கிய வழக்கில்தான், வான் அலைகள் பொதுமக்களின் சொத்து என்று 1995 பிப்ரவரி 9-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கிரிக்கெட்டால் விளைந்த நன்மைகளில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகும் கதவு மெல்லத்தான் திறந்தது. முதலில் கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி. 2004 பிப்ரவரி 1-ஆம் நாள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலி பேசியது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி வந்தது. 2008-இல் அன்றைய ஆந்திரத்தின் மேடக் மாவட்டத்தில், தலித் பெண்கள் தாங்களே நடத்தும் சங்கம் வானொலியைத் தொடங்கினார்கள். அந்த வழியில் வந்ததுதான் பாம்பன் வானொலி.

சென்னையிலும் 90.4, மேடக்கிலும் 90.4, பாம்பனிலும் 90.4. எப்படி மோதாமல் இருக்கின்றன? இவற்றின் குரல் அவ்வளவு சிறியது. ஒலிபரப்பும் ஆற்றல் 100 வாட், கோபுரத்தின் உயரம் 30 மீட்டர் என்று அரசு வரம்பு வைத்திருக்கிறது. சுமார் 10 கிலோமீட்டருக்குக் கேட்கும். அதற்கு அப்பால் அதே எண்ணை வேறோர் ஊர் வைத்துக்கொள்ளலாம். நிகழ்ச்சிகளில் பாதியாவது அந்த வட்டாரத்திலேயே தயாரானதாக இருக்க வேண்டும். சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது. ஆனால் வானிலையும் இயற்கைப் பேரிடர் அறிவிப்பும் சொல்லலாம். விளம்பரத்துக்கு முதலில் ஒரு மணிக்கு 5 நிமிடம்தான் தந்தார்கள். 2024-இல்தான் அது 12 நிமிடமானது. சின்னக் கடைக்காரர் தரும் விளம்பரக் காசில் மின்கட்டணமும் சம்பளமும் கொடுத்து ஒரு நிலையத்தை நடத்துவது லேசான காரியமல்ல. நாம் கேட்கும் குரலுக்குப் பின்னால் அந்தக் கவலை எப்போதும் இருக்கிறது.

ஆண்டவர் சீமோனின் படகைக் கரையிலிருந்து சற்றே தள்ளச் சொல்லி, அதில் அமர்ந்து கரையில் நின்றவர்களுக்குப் போதித்ததை லூக்கா எழுதுகிறார். சற்றே என்பதுதான் கவனிக்க வேண்டியது. குரல் எட்டும் தூரத்தை அவர் அறிந்திருந்தார். பாம்பனில் திசை மட்டும் மாறியிருக்கிறது: கரையிலிருந்து படகுக்கு.

எட்டாத தூரமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, குமரி மாவட்டத்து மீனவர் பலர் எச்சரிக்கைக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். பல நாள் தங்கித் தொழில் செய்யும் படகுகள் அவை. பலர் திரும்பவில்லை. 10 கிலோமீட்டர் வானொலி அங்கே ஒன்றும் செய்ய முடியாது. அவர்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகத் தகவல் பெறும் கருவி வேண்டும். அத்தகைய கருவிகள் இப்போது வந்திருக்கின்றன.

வள்ளத்திலும் நாட்டுப்படகிலும் கரையோரம் போகிறவர்களுக்குச் சிறு வானொலி போதும். கைப்பேசியில் கேட்பவர்கள் காதில் மாட்டும் வயரை மறக்க வேண்டாம். பெரும்பாலான கைப்பேசிகளில் அதுதான் ஏரியல். பேட்டரியைப் புறப்படும் முன் பாருங்கள். உப்புக்காற்று படாமல் பாலித்தீன் பையில் போட்டு, கைக்கு எட்டும் இடத்தில் கட்டி வையுங்கள்.