தேனீக் கணக்குக்குள் ஓர் இருபடிச் சமன்பாடு

பாஸ்கராச்சாரியார் 1150-இல் எழுதிய 'லீலாவதி'யில் ஒரு தேனீக் கணக்கு உண்டு. கூட்டத்தில் பாதியின் வர்க்கமூலம் எவ்வளவோ, அத்தனை தேனீக்கள் மல்லிகைக்குப் போய்விட்டன. மொத்தத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கும் கிளம்பிவிட்டது. மிச்சம் ஒரு ஜோடி: தாமரைக்குள் அகப்பட்ட ஆண், வெளியே ரீங்கரிக்கும் பெண். மொத்தம் எத்தனை?

தெரியாத எண்ணை 'யா' என்றும், இரண்டாவது தேவைப்பட்டால் 'கா' என்றும் குறிப்பது பாஸ்கரர் வழக்கம். நாமும் அப்படியே எழுதுவோம்:

√(யா/2) + 8யா/9 + 2 = யா

இதை இருபடிச் சமன்பாடு என்று யாரும் சட்டெனச் சொல்லமாட்டார்கள். வர்க்கமூலத்தைத் தனியே ஒதுக்கி, இருபுறமும் வர்க்கப்படுத்தலாம். விடை வரும், எண்கள்தான் வீங்கிவிடும். அந்த வர்க்கமூலத்தையே 'கா' என்று வைத்துப் பாருங்கள். யா = 2கா² ஆகிவிடும். சுருக்கினால் 2கா² − 9கா − 18 = 0. காரணிகள் (கா − 6), (2கா + 3). கா = 6 என்றால் தேனீக்கள் 72. இன்னொரு மதிப்பு −3/2. வர்க்கமூலம் குறை எண்ணாக வராது என்பதால் அதைத் தள்ளிவிடலாம். சரிபார்ப்போம்: 6 + 64 + 2 = 72.

இப்படி மறைந்திருக்கும் இருபடிச் சமன்பாட்டின் அடையாளம் இதுதான்: ஓர் உறுப்பில் நிற்பதன் வர்க்கம் இன்னோர் உறுப்பில் நிற்க வேண்டும், மூன்றாவது வெறும் எண். யா⁴ − 13யா² + 36 = 0 என்பதில் யா²-ஐ 'கா' ஆக்கினால் 4, 9 கிடைக்கும். அதையே விடையாக எழுதிவிட்டு எழுந்து போகிற மாணவர்கள் ஏராளம். கேட்டது யா, விடை ±2, ±3 என நான்கு.

சில கணக்குகளில் அந்த அமைப்பை நாமேதான் உண்டாக்க வேண்டும்.

(யா+1)(யா+2)(யா+3)(யா+4) = 24

அப்படியே விரித்தால் நான்காம் படியில் சிக்கிக்கொள்வோம். முதலையும் கடைசியையும் பெருக்கினால் யா² + 5யா + 4. நடு இரண்டையும் பெருக்கினால் யா² + 5யா + 6. ஏன் இந்த ஜோடி? 1+4, 2+3 இரண்டும் 5 என்பதால். இரண்டுக்கும் நடுவே உள்ள யா² + 5யா + 5-ஐ 'கா' என்று வைப்பதுதான் சாமர்த்தியம்: (கா − 1)(கா + 1) = 24, அதாவது கா² = 25. கா = 5 எனில் யா = 0 அல்லது −5. கா = −5 எனில் யா² + 5யா + 10 = 0; தன்மைகாட்டி 25 − 40 = −15, மெய் மூலம் கிடையாது.

போகிறபோக்கில் இன்னொன்றும் கைக்கு வருகிறது. அடுத்தடுத்த நான்கு முழு எண்களின் பெருக்கற்பலன் எப்போதும் கா² − 1 வடிவம். ஆகவே ஒன்றைக் கூட்டினால் முழு வர்க்கம். 5 × 6 × 7 × 8 = 1680. ஒன்றைக் கூட்ட 1681. முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் பெருக்கி ஒன்று கூட்டினால் 41; அதன் வர்க்கம்தான் இந்த 1681.