அணைந்து போகும் கணினி

வயலில் பயிர் வாடினால் பயிரைக் குறை கூறுவோர் பலர். வாய்க்காலில் நீர் வருகிறதா என்று போய்ப் பார்ப்போர் சிலரே. இயந்திரங்களின் பழுதை ஆராயும்போதும் நாம் இத்தவற்றைச் செய்கிறோம். நானும் ஒருமுறை செய்தேன். மாணவ நண்பர்களாகிய உங்களுக்கு அது பயன்படக்கூடும் என்பதால் கூறுகிறேன்.

என் தம்பியின் மகன் கல்லூரியில் பயில்கிறான். மாலை வேளைகளில் சிறுவர்க்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, இரண்டு ஆண்டுகள் சேர்த்த பணத்தில் ஒரு கணினி அமைத்தான். ஆறு மாதம் அது குறையின்றி ஓடிற்று. பின்னர் ஒரு விந்தை நேர்ந்தது. கட்டுரை எழுதினால் நாள் முழுவதும் ஒழுங்காக இயங்கும். விளையாட்டைத் தொடங்கினால் பத்து நிமிடத்தில், விளக்கை அணைத்தாற்போல் அணைந்துவிடும். பார்வையிட்ட கடைக்காரர், திரையில் காட்சிகளைத் தீட்டித் தரும் கிராபிக்ஸ் கார்டு பழுது என்றும், புதியது முப்பதாயிரம் ரூபாய் ஆகும் என்றும் கூறிவிட்டார். அவனிடம் அத்தொகை இல்லை. நானோ குற்றம் மென்பொருளில் இருக்கும் என்று கருதி, அனைத்தையும் அழித்து மீண்டும் நிறுவச் செய்தேன். ஒரு வாரம் வீணாயிற்று. கணினி முன்போலவே அணைந்தது. அதன் பிறகே ஊகிப்பதை விட்டு ஆராயத் தொடங்கினோம்.

கணினி எவ்வாறு அணைகிறது என்பது முதற் கேள்வி. மென்பொருளிலோ நினைவகத்திலோ குறை இருப்பின், பெரும்பாலும் திரை உறைந்து நிற்கும்; அல்லது திரையில் பிழைச் செய்தி தோன்றும். வெப்பம் மிகுந்தால் முதலில் வேகம் குறையும். அதுவும் போதாதபோதே கணினி நிற்கும். எங்கள் கணினியோ முன்னறிவிப்பின்றி அணைந்தது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் ‘கெர்னல் பவர் 41’ என்ற குறிப்பு மட்டும் இருந்தது. முறைப்படி மூடப்படாமல் கணினி நின்றது என்பதே அதன் பொருள். காரணத்தை அது கூறாது. வெப்பநிலை 75 டிகிரி செல்சியசைத் தாண்டவில்லை. இரவு முழுவதும் நினைவகத்தைச் சோதித்தோம், பிழை இல்லை. நீட்டிப்புப் பலகையை விலக்கி, சுவரிலுள்ள பிளக் பாயிண்டிலேயே செருகினோம்; மாற்றம் இல்லை.

எப்பொழுது அணைகிறது என்பது இரண்டாம் கேள்வி. புரோசஸருக்கு மட்டும் முழு வேலை கொடுத்தோம், தாங்கியது. கார்டுக்கு மட்டும் கொடுத்தோம், அதுவும் தாங்கியது. இரண்டுக்கும் ஒருங்கே கொடுத்தோம். இரண்டே நிமிடத்தில் அணைந்தது. தனித்தனியே உண்டபோது வயிறு நிறைந்தவர்கள், ஒரே பந்தியில் அமர்ந்ததும் பசியோடு எழுந்தால், குறை உண்போரிடம் இல்லை, சமையற்கட்டில் இருக்கிறது.

கணினிக்குச் சமையற்கட்டாக இருப்பது, கடைத்தெருவில் எஸ்.எம்.பி.எஸ். என்று வழங்கும் மின்வழங்கிப் பெட்டி. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தை அது 12, 5, 3.3 வோல்ட் அளவுள்ள நேர்திசை மின்னோட்டங்களாக மாற்றித் தருகிறது. புரோசஸரும் கார்டும் பெரும்பகுதி ஆற்றலை 12 வோல்ட் வழியிலிருந்தே பெறுகின்றன. எங்கள் பெட்டிக்குரிய விதிப்படி அவ்வழி 11.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கலாகாது.

பெட்டியின் மேல் 500 வாட் என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழேயிருந்த சிறிய அட்டவணையிலோ, 12 வோல்ட்டுக்கு நேரே 25 ஆம்பியர் என்று கண்டிருந்தது. பெருக்கிப் பாருங்கள், 300 வாட்தான். கார்டுக்கு 180, புரோசஸருக்கு 90, மற்றவற்றுக்கு 20 எனக் கூட்டினால், தேவை 290 வாட். போதாக்குறைக்கு, கார்டு சில மில்லி வினாடிகளுக்குத் தன் சராசரியைவிட மிகுதியாக இழுப்பதும் உண்டு. “இந்தப் பெட்டி எங்கே வாங்கியது?” என்று கேட்டேன். “பழைய கணினியில் இருந்தது, பெரியப்பா, பணம் மிச்சமாகட்டும் என்று அதையே பொருத்தினேன்” என்றான். மின்வழங்கியினுள் உள்ள மின்தேக்கிகள் வெப்பத்தால் ஆண்டுதோறும் தளர்ந்துவரும். இளமையில் சுமந்த பாரத்தை முதுமையில் சுமக்க இயலுமா?

எனினும் மல்டிமீட்டர் என்னைக் குழப்பியது. சுமை ஏற்றியபோதும் அது 11.7 வோல்ட் காட்டியது, விதிக்கு உட்பட்டதே. ஆனால் அக்கருவி சராசரியையே காட்டும். கண்ணிமைப்பதற்குள் நேரும் வீழ்ச்சியை அது காணாது. பின்னர், கார்டின் ஆற்றல் வரம்பை 60 விழுக்காடாகக் குறைத்து விளையாடச் செய்தேன். இரண்டு மணி நேரம் கணினி அணையவில்லை. இதுவும் சான்றாகாது, பழுதுள்ள கார்டும் குறைந்த வேலையில் ஒழுங்காக இயங்கக்கூடும்.

முடிவான சோதனை ஒன்றே. நண்பரிடமிருந்து, நன்றாக இயங்குவதென அறிந்த 650 வாட் மின்வழங்கி ஒன்றை இரவல் பெற்று, அதற்குரிய கம்பிகளோடேயே பொருத்தினோம். ஒன்றன் கம்பியை மற்றொன்றில் செருகுவது கேடு விளைக்கும். முழு வேலையிலும் கணினி அணையவில்லை. அத்துடன் நில்லாமல் பழைய பெட்டியை மீண்டும் பொருத்தினோம். உடனே பழுதும் திரும்பி வந்தது. தளர்ந்திருந்த ஓர் இணைப்பு, கழற்றி மாட்டியதால் தற்செயலாகச் சரியாகியிருக்கலாம் என்ற ஐயமும் அதனால் நீங்கியது.

ஓர் எச்சரிக்கை: மின்வழங்கிப் பெட்டியை ஒருபோதும் திறவாதீர்கள். செருகியைப் பிடுங்கிய பின்னரும் உள்ளேயுள்ள மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். அது உயிருக்கே ஆபத்து.

புதிய மின்வழங்கிக்கு ஆன செலவு, கார்டின் விலையில் ஐந்தில் ஒரு பங்கு. பழுது என்று தள்ளப்பட்ட கார்டு இன்றும் உழைத்துவருகிறது. எதை மாற்றுவது என்று கேட்கும் முன், எப்போது தவறுகிறது என்று கேளுங்கள். ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுங்கள். மாற்றியதைத் திருப்பி வைத்தும் பாருங்கள். அந்த ஒரு வாரத்தை இழந்துதான் நான் இதைக் கற்றேன்.