உணவுப்பட்டியிற் கலோரிக் கணக்கு

துணி கொள்வோன் கடைக்காரனது முழக்கோலைப் பார்க்கிறான். நெய் கொள்வோன் தராசின் முள்ளைப் பார்க்கிறான். அளவு பிழைபடின் முறையிடுதற்கு மன்றமும், பிழை செய்தாரை ஒறுத்தற்குச் சட்டமும் நெடுங்காலமாக உள. கள்ளத்தராசைக் கடிந்து கூறும் இடங்கள் நம் திருமறையிலும் பல. ஆனால், சமைத்த உணவை விலை கொடுத்து உண்போன் எதனைப் பார்ப்பான்? நிறத்தைப் பார்ப்பான், மணத்தை முகர்வான், விலையைப் படிப்பான். அவ்வுணவில் எவ்வளவு எண்ணெய் சேர்ந்தது, எவ்வளவு உப்பும் சர்க்கரையும் கலந்தன என்பவற்றைக் கண்ணும் அறியாது, நாவும் அறியாது. அவற்றை அறிந்தவன் விற்போன் ஒருவனே. விற்போன் அறிந்ததை உண்போனும் அறிதல் வேண்டும் என்னும் கருத்தினின்று எழுந்த சட்டங்களைப் பற்றி ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

இச்சட்டங்கள் எல்லா உணவுச்சாலைகளையும் பற்றியன அல்ல. ஒரே பெயரால் பல ஊர்களிற் கிளைகள் நிறுவி, எல்லாக் கிளைகளிலும் ஒரே வகையான உணவை விற்கும் பெரிய நிறுவனங்களையே இவை முதன்மையாகக் கட்டுப்படுத்துவன. அதற்குக் காரணம் வெளிப்படை. சிறிய உணவுக்கடையில் இன்று இட்ட எண்ணெயின் அளவு நாளை இடும் அளவன்று. சமைப்பாரது கையே ஆண்டு அளவுகோல். கிளையுணவுச்சாலைகளிலோ ஒவ்வொரு பண்டத்திற்கும் எழுதிய செய்முறையும் வரையறுத்த எடையும் உண்டு. ஒருமுறை கணக்கிட்டால் அக்கணக்கு ஆயிரம் கிளைகட்கும் பொருந்தும். ஆதலின், பெருஞ்செலவின்றி உண்மையை வெளியிடும் ஆற்றல் அவர்கட்கு உண்டு.

இனி இதன் வரலாற்றைக் காண்போம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1990-ஆம் ஆண்டில் நிறைவேறிய ஒரு சட்டம், பெட்டியிலும் புட்டியிலும் அடைத்து விற்கும் உணவுப்பொருள்களின்மேல் அவற்றின் ஊட்டச்சத்து விவரங்களை அச்சிடுதல் வேண்டுமென விதித்தது. உணவுச்சாலைகளுக்கு அது விலக்களித்தது. ஆனால், அந்நாட்டு மக்கள் வீட்டிற் சமைத்து உண்பதைக் குறைத்து, வெளியில் உண்பதை மிகுதிப்படுத்தினர். நாளடைவில், உணவிற்கென அவர்கள் செலவிடும் பொருளிற் பாதியளவு வெளியுணவிற்கே செல்லலாயிற்று. அங்ஙனமாக, பாதியுணவிற்கு அறிவிப்பும் பாதியுணவிற்கு இருளுமாக அவர்தம் நிலை நின்றது.

இவ்விருளை நீக்க முதலில் முற்பட்டது நியூயார்க் நகரம். அந்நகரத்துச் சுகாதாரக் குழுவினர் 2006-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒரு விதியை இயற்றினர். தாமாகவே கலோரி விவரங்களை வெளியிட்டுவந்த உணவுச்சாலைகள் அவற்றை விலைப்பலகையிலும் பொறித்தல் வேண்டுமென்பது அவ்விதி. உணவுச்சாலைக்காரர் சங்கத்தார் வழக்குத் தொடுத்தனர். 2007-இல் நீதிமன்றம் அவ்விதியைத் தள்ளியது. தாமாக விரும்பிக் கூறும் கூற்றுக்களை ஒழுங்குபடுத்தும் உரிமை 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நடுவண் அரசிற்கே உரியது என்பது தீர்ப்பின் சாரம். குழுவினர் சோர்ந்திலர். நாடு முழுவதும் 15 கிளைகளேனும் உடைய உணவுச்சாலைகள் யாவும் கலோரி அளவை அறிவித்தே தீரவேண்டும் என 2008-ஆம் ஆண்டு ஜனவரியில் விதியை மாற்றி அமைத்தனர். மீண்டும் வழக்கு எழுந்தது. விருப்பமில்லாதாரை ஒரு செய்தியைக் கூறுமாறு வற்புறுத்துதல் பேச்சுரிமைக்கு முரண் என்று சங்கத்தார் வாதித்தனர். 2009-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மேல்முறையீட்டு மன்றம் அவ்வாதத்தை ஏற்காது, விதியை நிலைநிறுத்தியது. வணிகன் தன் பண்டத்தைப் பற்றிய மெய்யான செய்தியை வாங்குவோர்க்கு உரைத்தல் அவனது உரிமையைப் பறித்தல் ஆகாது என்பதே இவ்வழக்கினின்று நாம் கொள்ளத்தக்க பொருள்.

இனி, கலோரி என்பது யாது? உணவு உடலினுள் மாறுபட்டுத் தரும் ஆற்றலின் அளவே அது. அமெரிக்க அறிஞராகிய வில்பர் அட்வாட்டர் (1844–1907) வகுத்த முறைப்படி, ஒரு கிராம் புரதம் 4 கலோரியும், ஒரு கிராம் மாப்பொருள் 4 கலோரியும், ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரியும் தரும். ஒரு பண்டத்தில் 10 கிராம் புரதமும், 50 கிராம் மாப்பொருளும், 20 கிராம் கொழுப்பும் உள எனக் கொள்வோம். அவை முறையே 40, 200, 180 ஆகி, மொத்தம் 420 கலோரி ஆகும். எடையில் நாலிலொரு பங்கேயான கொழுப்பு, ஆற்றலிற் பாதியை நெருங்குதல் காண்க. ஒரே அளவினவாகத் தோன்றும் இரண்டு பண்டங்களுள் ஒன்று மற்றதனினும் இருமடங்கு ஆற்றல் உடையதாதல் இதனாலேயே. கண்ணளவை நம்புதல் ஈண்டுப் பயன்படாது.

நியூயார்க் காட்டிய வழியைக் கலிபோர்னியா முதலிய மாநிலங்கள் பின்பற்றின. 2010-ஆம் ஆண்டில் நிறைவேறிய பெருஞ் சுகாதாரச் சட்டத்தின் ஒரு பகுதி, 20 கிளைகளேனும் உடைய உணவுச்சாலைகளை நாடெங்கும் இக்கடமைக்கு உட்படுத்தியது. விரிவான விதிகள் 2014-இல் வெளிவந்தன. பலமுறை தள்ளிவைக்கப்பட்டபின், 2018-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தன. அவ்விதிகளின்படி, பண்டத்தின் பெயருக்கோ விலைக்கோ அருகிற் கலோரி அளவு நிற்றல் வேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,000 கலோரி என்பது பொதுவழிகாட்டி என்றும், தேவை ஆளுக்கு ஆள் வேறுபடும் என்றும் ஒரு குறிப்பும் வேண்டும். கொழுப்பு, சோடியம், மாப்பொருள், சர்க்கரை, நார்ப்பொருள், புரதம் முதலியவற்றின் விவரங்களைக் கேட்போர்க்கு எழுத்துமூலமாகத் தருதலும் கடமை. அன்றன்றைக்குரிய தனிப்பண்டங்களுக்கும், ஓர் ஆண்டில் 60 நாட்கும் குறைவாக விற்கும் பண்டங்களுக்கும் விலக்கு உண்டு.

இங்கிலாந்தில் 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் முதல், 250 பேரேனும் பணிபுரியும் நிறுவனங்கட்கு இத்தகைய கடமை ஏற்பட்டது. நம் இந்திய நாட்டிலும் 2020-ஆம் ஆண்டு வகுத்த உணவுக் குறியீட்டு விதிகள், 10 இடங்களிலேனும் கிளையுடைய உணவுச்சாலைகள் தம் பட்டியிற் கலோரி அளவைக் காட்டுமாறு பணித்தன. அவை 2022-இல் நடைமுறைக்கு வந்தன.

நிற்க. இவற்றால் விளைந்த பயன் யாது என வினவுதல் முறையே. விடை, சட்டம் இயற்றியோர் எதிர்பார்த்த அத்துணைச் சிறப்பினதன்று. நியூயார்க்கின் ஏழை மக்கள் வாழும் பகுதிகளில் நிகழ்ந்து 2009-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், அறிவிப்பைக் கண்டோருள் நாலிலொரு பங்கிற்கு மேற்பட்டார் அது தம்மை மாற்றிற்று என்றனர்; ஆயினும், அவர்கள் வாங்கிய உணவின் கலோரி குறைந்திலது. ஸ்டார்பக்ஸ் கடைகளின் கணக்கை ஆராய்ந்தோர் நூற்றுக்கு 6 அளவில் ஒரு குறைவைக் கண்டனர். பல ஆராய்ச்சிகளை ஒருங்கு நிறுத்துப் பார்க்கும் காக்ரேன் நிறுவனத்தார், 600 கலோரி உணவில் 47 கலோரி குறையுமென 2018-இல் மதிப்பிட்டனர். பின்னர் மேலும் பல ஆராய்ச்சிகளைச் சேர்த்து, 2025-இல் அதனை ஏறத்தாழ 11 எனத் திருத்தினர். இரண்டு கவளத்திற்கும் குறைந்த அளவே அது.

எழுதிய கணக்குத்தானும் எப்போதும் மெய்யாவதில்லை. 2011-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில் 269 பண்டங்களை அளந்து பார்த்தனர். சராசரியிற் கணக்கு ஒத்திருப்பினும், நூற்றுக்கு 19 பண்டங்களில் அறிவித்ததனினும் 100 கலோரியேனும் மிகுதியாக இருந்தது. உணவைப் பற்றி ஓயாது அஞ்சி மெலியும் நோயுடையார்க்கு இவ்வெண்கள் மேலும் துன்பம் தரும் என்பது மற்றொரு தடை. இங்கிலாந்தின் விதிகள் இதனைக் கருதி, கேட்போர்க்குக் கலோரி எண் இல்லாத பட்டியைத் தருவதற்கு இடமளித்தன.

ஆயின் இச்சட்டங்கள் வீண் எனக் கூறலாமோ? கூறலாகாது என்பதே நம் கருத்து. நீரிழிவு உடையான் ஒருவன் தான் உண்ணும் மாப்பொருளின் அளவைக் கணக்கிட்டே இன்சுலின் மருந்தை அளவிடுகிறான். அவனுக்கு அவ்வெண் வெறும் செய்தியன்று, உயிர்க்காவல். குருதியழுத்தம் மிக்கவளுக்கு உப்பின் அளவும் அத்தகையதே. நியூயார்க் நகரத்தார் 2015-ஆம் ஆண்டில், 2,300 மில்லிகிராமோ அதற்கு மேலோ சோடியம் உடைய பண்டத்தின் அருகில் உப்புப்புட்டியின் உருவத்தைப் பொறிக்கச் செய்தமை இதுபற்றியே. பலர் பாராது செல்லினும், பார்க்கவேண்டியவன் பார்க்குமிடத்து எண் இருத்தல் வேண்டும். எல்லாரும் தராசைச் சோதிப்பதில்லை என்பதற்காகத் தராசுச் சட்டத்தை நீக்குவார் உளரோ?

ஆனால், அறிவித்தலோடு அறம் முடிந்துவிடுவதில்லை. மலிந்த விலையிற் கொழுப்பும் சர்க்கரையுமே கிடைக்கும் தெருவில், கையிற் காசு குறைந்தவன் முன் எண்ணை எழுதிவைத்து, இனி நோயுற்றால் அது உன் குற்றம் என்று கூறுதல் நேர்மை ஆகாது. தேர்ந்துகொள் என்பார், தேர்தற்கேற்ற நல்லுணவையும் அவன் வாங்கத்தக்க விலையில் வைத்தல் வேண்டும். எண் உண்மையைக் காட்டும். உண்ணத்தக்க உணவை ஆக்கித் தருதல் அரசும் வணிகரும் சேர்ந்து ஆற்றவேண்டிய கடன். கல்வி பெறும் நாமோ, பட்டியில் உள்ள எண்ணைப் படிக்கவும், அதன் பொருளை எழுத்தறியாதார்க்கு எடுத்துரைக்கவும், எண் இல்லாதவிடத்து அதனைக் கேட்கவும் பழகுவோமாக.