நாமகிரியும் எட்டுப்பட்டைத் தூணும்

நாமக்கல் மலை ஒரே பாறையால் ஆனது. அதன் மேற்குச் சரிவில் நரசிம்மப் பெருமாளும், கிழக்குச் சரிவில் அரங்கநாதரும் குடைவரைகளில் எழுந்தருளியுள்ளனர். இவை கி.பி. 8-ஆம் நூற்றாண்டில் அதியர் மரபினர் காலத்தவை. இங்கு அருள்பாலிக்கும் நாமகிரித் தாயாரே கணித மேதை இராமானுஜன் குடும்பத்தாரின் குலதெய்வம். ஆகவே, இத்தலத்தில் நின்று சிறிது வடிவகணிதம் சிந்திப்பதும் வழிபாட்டில் சேர்ந்ததே.

கோயில் தூண்களை உற்று நோக்குங்கள். கீழும் மேலும் சதுரம், இடையில் எட்டுப்பட்டை என்பதே குடைவரைகளில் பெரிதும் காணப்படும் அமைப்பு. சதுரத்தில் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டு இணைகள். எட்டுப்பட்டையில் நான்கு இணைகள். இணையான பக்கங்களை எவ்வளவு நீட்டினாலும் அவை ஒன்றையொன்று சந்திப்பதில்லை. மானசாரம் என்னும் சிற்பநூல் ஐந்து பட்டைத் தூணையும் ஆறு பட்டைத் தூணையும் கூறுகிறது. ஆறு பட்டையில் மூன்று இணைகள் உண்டு. ஐந்து பட்டையில் ஓர் இணையும் இல்லை.

சதுரத்தை எட்டுப்பட்டையாக்க எளிய வழி ஒன்றுண்டு. மூலைவிட்டங்கள் இரண்டையும் வரைந்து நடுப்புள்ளியைக் காண்க. ஒரு மூலையிலிருந்து நடுப்புள்ளி வரை நூலை அளந்து, அதே அளவை அம்மூலையைத் தொடும் இரு பக்கங்களிலும் குறிக்க. நான்கு மூலைகளிலும் இவ்வாறு செய்தால் எட்டுப் புள்ளிகள் கிடைக்கும். அவற்றை இணைத்து மூலைகளைக் களைந்தால் எட்டுப்பட்டை தயார். சிற்ப சாத்திரத்தில் 24 அங்குலம் ஒரு முழம். ஒரு முழச் சதுரத்தில் நூலின் நீளம் ஏறத்தாழ 17 அங்குலம். ஆகவே ஒவ்வொரு பக்கமும் 7, 10, 7 எனப் பிரியும். மூலையைக் களைந்த வெட்டும் ஏறத்தாழ 10 அங்குலமே. எட்டுப் பட்டைகளும் சமமாவது இவ்வாறுதான்.

சிவலிங்கத்திலும் இதே வரிசையைக் காணலாம். அடியில் மறைந்திருக்கும் சதுரம் பிரம்ம பாகம். ஆவுடையாருள் அமைந்த எண்கோணம் விஷ்ணு பாகம். நாம் தரிசிக்கும் வட்ட வடிவம் ருத்ர பாகம். எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு எனப் பட்டைகள் பெருகப் பெருக வடிவம் வட்டத்தை நெருங்குகிறது. முடிவில் பக்கமும் இல்லை, மூலையும் இல்லை. வேற்றுமைகள் தேய்ந்து ஒன்றாகும் தத்துவத்தைக் கல்லே உணர்த்துவதாகப் பெரியோர் கொள்வர்.

இவ்விளிம்புகள் உளியால் தீட்டப்பட்டவை. நாம் கையில் மிஞ்சிய குங்குமத்தையும் விபூதியையும் தூணில் கொட்டுகிறோம். எண்ணெய்க் கையைப் பட்டையில் துடைக்கிறோம். அழுக்கு ஏறிய தூணைப் பின்னர் மணல் வீசித் தூய்மை செய்ய நேர்ந்தால், அழுக்குடன் விளிம்பும் மழுங்கிவிடும். ஆயிரம் ஆண்டு கடந்த நேர்கோட்டை மீண்டும் பெற இயலாது.

அடுத்த முறை பேரக்குழந்தைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். தொடாமல், கண்ணாலேயே பட்டைகளை எண்ணச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கம் எது என்று கேளுங்கள். மிஞ்சிய குங்குமத்தை ஒரு தாளில் மடித்து வீட்டிற்கு எடுத்து வாருங்கள்.