ஐஸ் மேலே ஏரோப்ளேன்!

ஐஸ் தரையில் ஒரு ஜெட் விமானத்தைச் சாதாரண ரப்பர் சக்கரத்தோடு இறக்கணும். ''வழுக்காதா சார்?'' என்பீர்கள். வழுக்கலைக்கூடச் சமாளித்துவிடலாம். அன்டார்டிகாவில் ரன்வே போடுகிறவர்களைப் பாடாய்ப் படுத்துகிற ஆசாமி... சூரியன்!

ராஸ் தீவில் இருக்கிறது அமெரிக்காவின் மக்முர்டோ தளம். நியூஸிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து ஜெட்டில் ஐந்து மணி நேரம். பல வருஷங்களாக, வசந்த காலத்தில் உறைந்த கடல் மேலேயே ரன்வே போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்டோபரில் தயார் செய்தால் டிசம்பரில் மூட்டை கட்ட வேண்டியதுதான். கோடையில் கடல் ஐஸ் பலமிழந்துவிடும். அப்புறம் பனிச்சறுக்குக் கட்டை பொருத்திய ஹெர்குலிஸ் விமானங்கள்தான் கதி. பெரிய ஜெட்டுக்கு 'நோ என்ட்ரி'.

கோடை முடிகிற சமயத்திலும் ஜெட் இறங்க ஓர் இடம் வேண்டுமே என்று தேடினார்கள். (ஒரு விஷயம்: பனி வேறு, ஐஸ் வேறு. பனி பஞ்சு மாதிரி. ஐஸ் பாறை மாதிரி.) நிலத்திலிருந்து வழிந்து வந்து கடலில் மிதக்கிற ராஸ் ஐஸ் தட்டில் ஒரு பக்கம் பனி கொட்டிக்கொண்டே இருக்கும். அங்கே ரன்வே போட்டால், வாரி வாரியே ஆயுசு போய்விடும். இன்னொரு பக்கம் கோடையில் உருகித் தண்ணீராக ஓடும். இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகலான பட்டை. கீழே கெட்டி ஐஸ், மேலே கொஞ்சூண்டு பனி. அளந்து பார்த்து அதைப் பிடித்தார்கள்!

பெயர் பெகாசஸ். 1970-ல் அந்தப் பக்கம் விழுந்து நொறுங்கிய ஒரு விமானத்தின் பெயர் அது. நல்லவேளை, யாரும் சாகவில்லை. ஆனாலும், விழுந்த விமானத்தின் பெயரை ரன்வேக்கு வைக்கத் தனி தைரியம் வேண்டும்!

பனியை ஒதுக்கி, பல் வைத்த பிளேடால் ஐஸைச் சீவி, சுமார் மூன்று கிலோமீட்டருக்குச் சமதளமாக்கினார்கள். சிக்கல் அதன் பிறகுதான். அங்கே கோடையில் ராத்திரியே கிடையாது. ஐஸ் வெளிச்சத்தை உள்ளே விடும். மேல்தோல் உறைந்தபடியே இருக்க, சில அங்குலம் கீழே ரகசியமாக உருகிக் குட்டிக் குளம் கட்டிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஜெட் சக்கரம் அதன் மேல் ஏறினால்..?

எனவே ஒரு கனமான வண்டி செய்து, விமானச் சக்கரங்களை மாட்டி, பாரம் ஏற்றி, ரன்வே பூராவும் உருட்டினார்கள். உடைவதாக இருந்தால் இப்பவே உடைஞ்சு தொலையட்டும் என்கிற திட்டம். உடைந்த இடத்தைத் தோண்டி, ஐஸ் துண்டுகளைப் போட்டு, தண்ணீர் ஊற்றி உறைய வைத்தார்கள். பஞ்சர் ஒட்டியாச்சு! மறுபடி உருட்டல். வெயில் உள்ளே போகாதபடி மேலே வெள்ளைப் பனியை அழுத்தி ஒரு போர்வை. வழுக்கலுக்கும் அதுவே மருந்து.

1993-ல் ஹெர்குலிஸ் சக்கரத்தோடு இறங்கியது. 1994-ல் ஸி-141 ஜெட்.

தரை சரியாக இருந்தால் மட்டும் போதுமா? 2013 அக்டோபர் 7. நியூஸிலாந்து விமானப்படையின் போயிங் 757, 130 பேரோடு பெகாசஸ் நோக்கி வருகிறது. திரும்பிப் போகப் பெட்ரோல் போதாது என்கிற எல்லையைத் தாண்டிய பிறகு, ரன்வேயை மூடுபனி மூடிவிட்டது. பக்கத்தில் வேறு ஏர்போர்ட்டா, மூச்! இறங்கப் பார்த்து, முடியாமல் மேலே ஏறி, கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் வட்டமடித்தார்கள். மூடுபனி விலகவில்லை. எரிபொருள் குறைகிறது. கடைசியில், விதிப்படி இறங்கக்கூடாத மங்கலிலேயே இறங்கினார்கள். எல்லோரும் பத்திரம்.

பெகாசஸை முடித்து வைத்ததில் பெரிய பங்கு மூடுபனிக்கு இல்லை, தூசிக்கு! பக்கத்திலிருக்கும் பிளாக் தீவிலிருந்து காற்று கறுப்பு எரிமலைத் தூசியை அள்ளி வந்து தூவும். கறுப்பு வெயிலைக் குடிக்கும். ஒவ்வொரு துகளும் சூடாகி, சுற்றியுள்ள ஐஸை உருக்கிக்கொண்டு உள்ளே இறங்கும். வருஷா வருஷம் குழி, ஒட்டு, மறுபடி குழி. 2016 டிசம்பரில் கதவைச் சாத்திவிட்டார்கள். அடுத்து வந்தது ஃபீனிக்ஸ். இது ஐஸ் இல்லை. உருளை ஓட்டி ஓட்டி இறுக்கிய வெறும் பனி. பெரிய ஸி-17 ஜெட் சக்கரத்தோடு அதில் இறங்குகிறது.

ஆஸ்திரேலியாக்காரர்களின் வில்கின்ஸ் ஐஸ் ரன்வேயில் 2008-லிருந்து ஏர்பஸ் இறங்கியது. அங்கேயும் கோடை உச்சத்தில் லீவு. போதாததற்கு, அடியிலிருக்கும் ஐஸ் வருஷத்துக்குச் சுமார் 12 மீட்டர் நகர்கிறது, ரன்வேயையும் தூக்கிக்கொண்டு!

நம்ம மைத்ரி ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகிறவர்களும், பல வருஷங்களாகக் கேப்டவுனிலிருந்து பறந்து, ரஷ்ய நிலையத்தை ஒட்டிய நோவோ ஐஸ் ரன்வேயில் இறங்கியிருக்கிறார்கள். அங்கிருந்து மைத்ரி பக்கம்தான். ஆட்டோ மட்டும் கிடைக்காது.