விளையாட்டு மாறினாலும் கை மாறக்கூடாது: மவுஸ் அளவில் ஒளிந்திருக்கும் கணிதம்

கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 விளையாட்டில் குறி தவறாத ஒரு மாணவர், நண்பர்கள் அழைத்ததால் வேலரண்ட் விளையாட உட்காருகிறார். அங்கே சென்சிட்டிவிட்டி 1.4. பழகிய எண்தானே என்று இங்கேயும் 1.4 என்றே வைக்கிறார். மவுஸை இலேசாகத் தள்ளியதும் திரை சுழன்று, எதிரி நிற்கும் பக்கத்தை விட்டுச் சுவரைப் பார்த்து நிற்கிறது. அரைமணி நேரம் தோற்ற பிறகு, "இந்த விளையாட்டு எனக்கு வராது" என்று எழுந்துவிடுகிறார்.

அவருடைய கையில் குறையில்லை. அவர் அறியாமலே தம் மவுஸின் வேகத்தை மூன்று மடங்குக்கும் மேல் கூட்டிவிட்டார்.

ஈப்போவின் சைபர் கஃபேக்களில் விளையாடுபவர்களுக்கும், கம்பார், ஸ்ரீ இஸ்கண்டார் வட்டாரங்களில் விடுதியில் தங்கிப் படிப்பவர்களுக்கும், சுங்கை சிப்புட் பக்கம் முன்னாள் தோட்டக் குடியிருப்புகளில் அண்ணன் தம்பியோடு ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்பவர்களுக்கும் இந்தச் சிக்கல் பொது. விளையாட்டு மாறுகிறது, கணினி மாறுகிறது, மவுஸும் மாறுகிறது. மாறாமல் இருக்க வேண்டியது கையின் பழக்கம் ஒன்றுதான். அதைக் காப்பாற்ற படிவம் 1 கணிதம் போதும்.

ராத்தலும் கட்டியும்

உங்கள் தாத்தா பாட்டி தோட்டத்தில் வாழ்ந்தவர்களாக இருந்தால் ராத்தல், கட்டி ஆகிய இரண்டு நிறுவைகளையும் கேட்டுப் பாருங்கள். 3 கட்டி எடையுள்ள பொருள் 4 ராத்தல் இருக்கும். "நான்கு வேண்டும்" என்று மட்டும் கடையில் சொன்னால் பொருள் விளங்காது. நான்கு ராத்தலா, நான்கு கட்டியா என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார்.

சென்சிட்டிவிட்டி எண்ணும் அப்படித்தான். ஒவ்வொரு விளையாட்டும் அதைத் தனக்கென ஓர் அலகில் அளக்கிறது. அலகைக் கேட்காமல் எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு போனதுதான் நம் மாணவருக்கு நேர்ந்த சங்கடம்.

மவுஸ் என்ன சொல்கிறது?

மவுஸுக்கு சென்டிமீட்டரும் தெரியாது, பாகையும் தெரியாது. நகரும்போது அது கணினிக்கு 'கவுண்ட்' எனப்படும் சிறு துடிப்புகளை அனுப்புகிறது. 800 டிபிஐ என்றால், ஓர் அங்குலம் (2.54 செ.மீ.) நகர்த்தினால் 800 கவுண்ட் போய்ச் சேரும் என்று பொருள்.

ஒரு கவுண்டுக்கு எத்தனை பாகை திரும்ப வேண்டும் என்பதை விளையாட்டு முடிவு செய்கிறது. சென்சிட்டிவிட்டி 1 என இருக்கும்போது அந்த அடிப்படை அளவு இது:

கவுன்டர்-ஸ்ட்ரைக் 2: 0.022 பாகை
ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ்: 0.022 பாகை
வேலரண்ட்: 0.07 பாகை
ஓவர்வாட்ச் 2: 0.0066 பாகை

முதல் இரண்டும் ஒன்றாக இருப்பது தற்செயல் அன்று. 1996-இல் வெளிவந்த குவேக் விளையாட்டில் இருந்த எண் 0.022. அதன் மென்பொருளை மாற்றியமைத்து 1998-இல் ஹாஃப்-லைஃப் உருவானது. அதிலிருந்து 1999-இல் கவுன்டர்-ஸ்ட்ரைக் பிறந்தது. 2019-இல் வந்த ஏபெக்ஸும் அதே வழிவந்த சோர்ஸ் இயங்குதளத்தின் மாற்று வடிவத்தில் இயங்குகிறது. தாத்தாவின் அளவுகோல் பேரன் கைக்கு வந்திருக்கிறது. 2020-இல் வந்த வேலரண்ட் வேறு குடும்பம். அதனால் அளவும் வேறு.

கணக்கைப் போடுவோம்

பழைய சென்சிட்டிவிட்டியைப் பழைய விளையாட்டின் அடிப்படை அளவால் பெருக்குங்கள். வரும் விடையைப் புதிய விளையாட்டின் அடிப்படை அளவால் வகுங்கள். அவ்வளவுதான்.

கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் 1.4 என்றால்: 1.4 × 0.022 = 0.0308 பாகை.
வேலரண்டுக்கு: 0.0308 ÷ 0.07 = 0.44.
ஓவர்வாட்சுக்கு: 0.0308 ÷ 0.0066 = 4.67.
ஏபெக்சுக்கு: அதே 1.4.

எண்கள் வெவ்வேறாகத் தோன்றினாலும் கைக்கு எல்லாம் ஒன்றே. 800 டிபிஐயில் இந்த நான்கு விளையாட்டுகளிலும் ஒரு முழுச் சுற்று சுற்ற மவுஸ் ஏறக்குறைய 37 செ.மீ. நகர வேண்டும்.

படிவம் 1-இல் 'நிஸ்பா, காடார், காடாரான்' என்ற பாடத்தைப் படித்தபோது, "இதெல்லாம் வாழ்க்கையில் எங்கே வரப் போகிறது?" என்று கேட்டவர்களுக்கு இதுவும் ஒரு பதில்.

கணினி மாறினால்?

வீட்டில் 800 டிபிஐ. போகும் இடத்து மவுஸ் 1600 டிபிஐ என்று வைத்துக்கொள்வோம். டிபிஐ இரட்டிப்பானால் சென்சிட்டிவிட்டியைப் பாதியாக்க வேண்டும்: 1.4 இப்போது 0.7. அதுவே 400 டிபிஐ என்றால் 2.8. ஒன்று கூடினால் மற்றது குறையும். இரண்டின் பெருக்கம் 1120 என்றே நிற்கும். படிவம் 5 மாணவர்கள் இதை 'உபாஹான் சொங்சாங்' என்று உடனே அடையாளம் காண்பார்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். விண்டோசின் மவுஸ் அமைப்பில் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' என்று ஒரு தெரிவு உண்டு. அது இயங்கினால், மெதுவாக நகர்த்தும்போது ஒரு தூரமும் விரைவாக நகர்த்தும்போது வேறொரு தூரமும் சுட்டுக்குறி நகரும். மவுஸின் துடிப்புகளை நேரடியாகப் பெறாத விளையாட்டுகளில் இது கணக்கைக் குலைத்துவிடும். அணைத்துவிடுவது நல்லது.

ரூலர் போதும்

உங்கள் விளையாட்டு மேலே உள்ள பட்டியலில் இல்லையா? மவுஸின் டிபிஐ எவ்வளவு என்று தெரியவில்லையா? கவலை வேண்டாம், பள்ளிப் பையில் உள்ள ரூலரை எடுங்கள்.

பழைய விளையாட்டின் பயிற்சிக் களத்தில் ஒரு புள்ளியைக் குறிவையுங்கள். மவுஸை ரூலரின் ஓரத்தில் வைத்து, திரை ஒரு முழுச் சுற்று சுற்றி அதே புள்ளிக்கு வரும்வரை நேராக நகர்த்துங்கள். தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மேசையில் இடம் போதாவிட்டால் அரைச் சுற்று சுற்றி இரண்டால் பெருக்குங்கள். மூன்று முறை அளந்து சராசரி எடுத்தால் பிழை குறையும். பிறகு புதிய விளையாட்டில் அதே தூரம் வரும்வரை சென்சிட்டிவிட்டியைக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள்.

மவுஸ் பெட்டியில் அச்சிட்ட டிபிஐக்கும் உண்மை அளவுக்கும் சிறு வேறுபாடு இருக்கலாம். ரூலர் முறையில் அந்த வேறுபாடும் தானாகவே சரியாகிவிடும்.

ஸ்கோப் வழியாகப் பார்த்தால்

சுழற்சி சமமானாலும் சில வேளைகளில் உணர்வு சமமாக இராது. காரணம் பார்வைக் கோணம். 16:9 திரையில் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 சுமார் 106 பாகையைக் காட்டுகிறது, வேலரண்ட் 103. இவை நெருக்கமானவை என்பதால் சிக்கல் இல்லை. ஸ்கோப் வைத்தால்தான் வேறுபாடு பெரிதாகும்.

கவுன்டர்-ஸ்ட்ரைக்கின் ஏடபிள்யூபி துப்பாக்கியில், 4:3 கணக்கில், முதல் ஸ்கோப் பார்வைக் கோணத்தை 90 பாகையிலிருந்து 40-க்குக் குறைக்கிறது. விளையாட்டு தன் இயல்பில் வேகத்தை 40 ÷ 90 = 0.444 மடங்காக்குகிறது. ஆனால் திரையின் நடுவில் படம் பெரிதாகும் அளவு அரைக்கோணங்களின் டான்ஜென்ட்டைப் பொறுத்தது: டேன் 20 ÷ டேன் 45 = 0.364. எனவே 0.364 ÷ 0.444 = 0.82. ஸ்கோப் சென்சிட்டிவிட்டியை 0.82 என வைப்பவர்கள் ஏன் அப்படி வைக்கிறார்கள் என்பதற்கு விடை படிவம் 3 திரிகோணமிதியில் இருக்கிறது.

இதனால் என்ன பயன்?

இ-ஸ்போர்ட்ஸ் இன்று வெறும் பொழுதுபோக்கு அன்று. 2019-இல் பிலிப்பைன்சில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் அது பதக்கப் பிரிவானது. 2023-இல் கம்போடியாவில் வேலரண்டும் இடம்பெற்றது. போட்டிக்குப் போகிறவர் அறிமுகமில்லாத கணினியில் சில நிமிடங்களில் தயாராக வேண்டும். தம் டிபிஐயையும் முழுச் சுற்றுத் தூரத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்திருப்பவருக்கு அந்தச் சில நிமிடங்களே தாராளம்.

போட்டிக்குப் போகாதவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. 20,000 டிபிஐக்கும் மேல் என்று விளம்பரம் செய்யும் மவுஸ்கள் கடைகளில் உள்ளன. நம் கணக்கில் தேவைப்பட்டதோ 800. தோல்விக்குக் காரணம் மவுஸ்தான் என்று பெற்றோரிடம் பணம் கேட்கும் முன், எண்ணை ஒருமுறை சரிபாருங்கள். வீட்டில் ஒரு மாதச் செலவு மிச்சமாகலாம்.

அளவு சரியானதும் திறமை வந்துவிடாது என்பதும் உண்மை. அறிவியல் பாடத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று படித்திருப்பீர்கள். ஒன்றை மாறாமல் நிறுத்தினால்தான் மற்றதன் விளைவு தெரியும். மவுஸின் அளவை நிலைநிறுத்திய பிறகும் குறி தவறினால், கற்க வேண்டியது என்னவென்று உங்களுக்கே தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் எண்ணை மாற்றிக்கொண்டே இருந்தால் அது ஒருநாளும் தெரியாது.

இன்று மாலை விளையாட உட்காரும் முன் ஒரு தாள், ஒரு ரூலர், ஐந்து நிமிடம். மணிக்கட்டு வலித்தால் மட்டும் கணக்கை மூடிவிட்டு எழுந்துவிடுங்கள். அதற்கு எந்தச் சூத்திரமும் உதவாது.