வயிற்றுக்கும் இருமலுக்கும் ஒரே புட்டி

விக்டோரியா மகாராணி ஆண்ட காலத்தில் (1837–1901) இங்கிலாந்தில் வயிறு சரியில்லை, இருமல் விடவில்லை என்றால் சாதாரண மக்கள் டாக்டரிடம் போனது குறைவு. கடையில் ஒரு புட்டியோ மாத்திரைப் பெட்டியோ வாங்கிக்கொண்டார்கள். 'பேட்டண்ட் மருந்து' என்று அவற்றுக்குப் பெயர். அவற்றில் என்ன இருந்தது என்று தெரிந்துகொண்டால், உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்கும்போதும் உதவும்.

பேட்டண்ட் என்றால் அரசு காப்புரிமை (கண்டுபிடித்தவருக்கு மட்டும் தரும் உரிமை) கொடுத்த மருந்தா? பெரும்பாலானவற்றுக்கு அது கிடையாது. காப்புரிமை கேட்டால் செய்முறையை வெளியே சொல்ல வேண்டும். இவர்களுடைய வியாபாரமே ரகசியத்தில்தான் நடந்தது.

அப்படியானால் பெட்டியின் மேல் அரசு முத்திரை எதற்கு? அது வரி கட்டியதற்கான வில்லை. 1 ஷில்லிங் வரை விலையுள்ள மருந்துக்கு ஒன்றரைப் பென்னி வரி. அதனால்தான் அந்தக் கால விளம்பரங்களில் '1 ஷில்லிங் ஒன்றரைப் பென்னி' என்ற விலையை அடிக்கடி பார்க்கிறோம். வாங்கியவர்களில் பலர் அந்த வில்லையைப் பார்த்து, அரசே சோதித்துச் சரிபார்த்த மருந்து என்று நம்பினார்கள். அப்படி எந்தச் சோதனையும் நடக்கவில்லை.

டாக்டரிடமே போயிருக்கலாமே என்று தோன்றும். கூலி வேலை செய்பவருக்கு டாக்டர் கட்டணம் எட்டாத தொகை. கொடுத்துப் போனாலும், அந்த நூற்றாண்டின் முற்பகுதியில் டாக்டர்கள் பாதரச உப்பைப் பேதிக்குக் கொடுத்தார்கள், உடலிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். நகரங்களில் நிலக்கரிப் புகையும் அழுக்குத் தண்ணீரும் காசநோயும் இருந்தன. அந்த நிலையில் புட்டியை நம்பியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். உள்ளே இருப்பதை மறைத்து விற்றவர்களைத்தான் சொல்வேன்.

முதலில் மாத்திரையைப் பார்ப்போம். செயின்ட் ஹெலன்ஸ் ஊரில் தாமஸ் பீச்சம் செய்து விற்ற மாத்திரை மிகப் பிரபலம். 'பெட்டி ஒன்றுக்கு ஒரு கினி பெறும்' என்பது விளம்பரம். கினி என்றால் 21 ஷில்லிங். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் பல ரகசிய மருந்துகளைச் சோதனைச்சாலையில் பிரித்துப் பார்த்து 1909இல் புத்தகமாகவே வெளியிட்டது. இந்த மாத்திரையில் அது கண்டவை மூன்று: கரியபோளம் (கற்றாழையின் கசப்புச் சாற்றை உலர்த்தியது), சுக்குத் தூள், சோப்புத் தூள். 56 மாத்திரைக்கான சரக்கின் அடக்கவிலை சுமார் அரை ஃபார்திங், அதாவது ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு. விற்ற விலை பதின்மூன்றரைப் பென்னி. நூறு மடங்குக்கும் மேல்.

மாத்திரை வேலை செய்ததா? மலச்சிக்கலுக்குச் செய்தது. கரியபோளம் நல்ல பேதி மருந்து. ஆனால் தலைவலி முதல் நரம்புத் தளர்ச்சி வரை எல்லாவற்றுக்கும் அதையே விற்றார்கள். இங்கே உங்களுக்கும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. காரணம் தெரியாத கடும் வயிற்றுவலிக்குப் பேதி மருந்து எடுக்காதீர்கள். குடல்வால் அழற்சியாகவோ குடல் அடைப்பாகவோ இருந்தால் அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

இனி புட்டிக்கு வருவோம். இந்தியாவில் ராணுவ டாக்டராக இருந்த ஜான் காலிஸ் பிரவுன் 1848 வாக்கில் காலராவுக்கென்று ஒரு திரவம் தயாரித்தார். 'குளோரோடைன்' என்று பெயர். 1856 முதல் இங்கிலாந்தில் வியாபாரத்துக்கு வந்தது. அபின், குளோரோஃபார்ம் (மயக்கம் தரும் திரவம்), கஞ்சா ஆகியவை அதன் சரக்கு. காலரா, பேதி, இருமல், இளைப்பு எல்லாவற்றுக்கும் அதுவே மருந்து என்று விளம்பரம் செய்தார்கள்.

வயிற்றுக்கும் மார்புக்கும் ஒரே மருந்து எப்படிச் சரிப்படும்? அபின்தான் காரணம். அது குடலின் அசைவைக் குறைக்கும், பேதி நிற்கும். மூளையில் இருமலைத் தூண்டும் இடத்தை அடக்கும், இருமல் நிற்கும். வலியும் தெரியாது, தூக்கமும் வரும். குடித்தவருக்குக் குணமானது போலவே இருக்கும்.

பிறகு என்ன கெடுதல்? நோய் உள்ளேயே இருந்தது. காலராவில் உயிரைப் பறிப்பது உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் போவது. அபின் அதை ஈடுகட்டவில்லை. காசநோய்க்காரருக்கு இருமல் அடங்கியது, நுரையீரலை நோய் அரிப்பது நிற்கவில்லை. நாளாக நாளாகப் பழைய அளவு போதாமல் போய், பலர் அதற்கு அடிமையானார்கள்.

குழந்தைகள் கதை இன்னும் கொடுமை. வயிற்றுவலிக்கும் பல் முளைக்கும்போது வரும் அழுகைக்கும் 'காட்ஃப்ரே கார்டியல்' என்ற அபின் கலந்த பாகைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு கடையிலும் அபினின் அளவு வேறு. குழந்தை அழாது, பால் கேட்காது, தூங்கியபடியே மெலிந்துபோகும். மூச்சு அடங்கி இறந்த குழந்தைகளும் உண்டு.

சட்டம் தடுக்கவில்லையா? 1868இல் அபினை நஞ்சுப் பட்டியலில் சேர்த்தார்கள். பேட்டண்ட் மருந்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். உள்ளே இருப்பதை லேபிளில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் பிரிட்டனில் 1941இல்தான் வந்தது.

இன்று உங்களுக்கு அந்த வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள். இருமல் சிரப் லேபிளில் 'கோடீன்' என்று இருந்தால் அது அபின் வகை. உடம்புக்குள் போய் மார்ஃபினாக (அபினின் முக்கிய வேதிப்பொருள்) மாறும். டாக்டர் சீட்டில்லாமல் வாங்காதீர்கள், குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள். பேதியை நிறுத்தும் 'லோபெரமைடு' மாத்திரையும் அதே குடும்பம்தான். வழக்கமான அளவில் மூளைக்குப் போகாது, குடலை மட்டும் அடக்கும். காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் அதைத் தொடாதீர்கள், சிறு குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. பேதிக்கு முதலில் கொடுக்க வேண்டியது உப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஓஆர்எஸ் கரைசல். பேதியை அது நிறுத்தாது. போகும் தண்ணீரையும் உப்பையும் திருப்பிக் கொடுக்கும்.

கிரைப் வாட்டர்? அதுவும் அந்தக் காலத்துச் சரக்குதான். 1851இல் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் தயாரித்தது. அந்தப் பழைய தயாரிப்பில் சிறிது சாராயமும் இருந்தது. ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும்.

குழந்தைக்கு இருமல் சிரப் கொடுக்கலாமா? நச்சு கலந்த சிரப்பால் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்ததை அடுத்து, 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை சொன்னது இது: 2 வயதுக்குக் கீழ் கூடாது, 5 வயதுக்குக் கீழ் பொதுவாக வேண்டாம். சளி இருமல் பெரும்பாலும் தானாகவே போய்விடும். ஒரு வயது தாண்டிய குழந்தைக்குக் கொஞ்சம் தேன் கொடுக்கலாம்.

பெரியவர்களுக்கு இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் அடுத்த சிரப்பைத் தேடாமல் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் அதற்குக் கட்டணம் இல்லை. நோய் இருப்பது தெரிந்தால் மருந்தும் இலவசம்.